ஞானதிரவியத்தின் துக்கமும் தேரிப்பட்டி வாலிபால் அணியும்

ஞானதிரவியம் துக்கமாக இருந்த நாள்களில் தேரிப்பட்டி வாலிபால் அணி வென்றது. அவர் சந்தோஷமாக இருந்த நாள்களில் தோற்றது. இது தெரியவந்த பிறகு ஊரில் யாரும் அவரை வெறும் மரியாதைக்காக நலம் விசாரிக்கவில்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே பேக்கரி வைத்திருந்தவர் ஞானதிரவியம். மக்ரூனுக்குப் பேர்போன கடை. முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடித்து, முந்திரித் தூளைத் தூவி, கூம்பு கூம்பாகப் பிழிந்து மிதமான அனலில் வைத்தெடுப்பார். அந்தக் கூம்புகளிலிருந்துதான் விஷயம் வெளியே வந்தது.

கண்டுபிடித்தவர் இசக்கிலெட்சுமி. அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்ததால் வாலிபால் கழகம் அவரைப் புள்ளியியல் அலுவலராக நியமித்திருந்தது. மெதுவாகப் பேசுகிற, யாரையும் புண்படுத்தத் தெரியாத பெண். வெற்றியும் தோல்வியும் எதனோடு ஒட்டி வருகின்றன என்று அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். காற்றின் வேகம், ஆடுகளத்து மணலின் ஈரம், பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் காலையில் சாப்பிட்ட இட்லி, வலைக் கம்பத்தில் உட்கார்ந்த காக்கைகள். எதுவும் ஒட்டவில்லை. ஆனால் அவருக்கு எதையும் தின்பதற்கு முன் அளந்து பார்க்கிற பழக்கம் இருந்தது. மாலைத் தேநீரோடு ஞானதிரவியம் கடை மக்ரூன் ஒன்றைச் சாப்பிடுவார். மக்ரூன் குட்டையாக இருந்த நாள்களில் அணி வென்றிருந்தது.

கழகம் முதலில் மக்ரூனைத்தான் நம்பியது. வேறொரு கடையில் சொல்லிக் குட்டை மக்ரூன்கள் செய்து பார்த்தார்கள். நேர் செட்களில் தோற்றார்கள். இசக்கிலெட்சுமி மறுபடி யோசித்து, மக்ரூன் வெறும் சாட்சிதான் என்றார். நுரை அடிக்கிற கை சோர்ந்தால் கூம்பு அமுங்கிவிடும். கை சோர்வது மனம் சோர்வதால். ஆகவே பார்க்க வேண்டியது மனிதரை.

கழகச் செயலாளர் மாசானமும் இசக்கிலெட்சுமியும் கடைக்கு வந்தார்கள். மாசானம் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் இன்னும் விசில் தொங்கும்.

“அண்ணாச்சி, உங்களுக்கும் அணிக்கும் பொருத்தம் ஒண்ணுக்குப் பூஜ்ஜியம் புள்ளி ஒன்பது ஒண்ணு இருக்கு” என்றார் இசக்கிலெட்சுமி.

“அது நல்லதா?”

“பெத்த தாய்க்கும் பிள்ளைக்குமே அவ்வளவு இருக்காது.”

ஞானதிரவியம் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “அப்ப நான் துக்கப்படதாலதான் பயலுவ ஜெயிக்கானுவளா?”

“அப்படிச் சொல்லக்கூடாது. ரெண்டும் சேந்து நடக்குங்கதுக்காக ஒண்ணுதான் மத்ததுக்குக் காரணம்னு ஆயிராது. காரணத்தைத் தனியா ஆராயணும்.”

“ஆராயலாம்லா?”

“ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்கு” என்றார் மாசானம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேலரியின் ஓரத்தில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வெயில் படாமல் குடை கட்டினார்கள். மஞ்சள் காமாலையில் போன தம்பி ஜெயசிங்கை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நினைத்தார். முதல் இரண்டு செட்களும் சுலபமாக வந்தன. நம்மால்தானே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை முளைத்தது. மூன்றாவது செட் கையைவிட்டுப் போனது. மாசானம் ஆடுகளத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ஞானதிரவியம் அவசரமாகத் தம்பியிடம் திரும்பிப் போனார். நான்காவது செட்டில் ஆட்டம் முடிந்தது.

அந்த சீசனில் தேரிப்பட்டி தோற்கவே இல்லை. செட்டர் பேச்சிமுத்துவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. இன்னும் இரண்டு பையன்கள் போலீஸுக்குப் போனார்கள். பேச்சிமுத்துவின் அம்மா ஒரு பொட்டலம் பனங்கற்கண்டோடு கடைக்கு வந்தார். “எம்பிள்ளை வேலைக்குப் போயிட்டான் அண்ணாச்சி. நீங்க நல்லா…” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். “நீங்க இப்படியே இருக்கணும்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஊரும் தன்னால் ஆனதைச் செய்தது. கோயில் பாடகர் குழுவிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள், பாடினால் அவர் முகம் தெளிந்துவிடுகிறது என்பதால். முடிவெட்டுகிறவர் பேசாமல் வெட்டினார். சாயங்காலம் கடையில் வந்து உட்கார்ந்து அரட்டையடிக்கிற செல்லையா, பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி, சாலையின் மறுபக்கமாக நடக்கத் தொடங்கினார். ஒருநாள் மட்டும் குறுக்கே வந்து தணிந்த குரலில், “சீசன் முடியட்டும் மக்கா” என்றார். சீசன் முடிந்ததும் அடுத்த சீசன் வந்தது.

இரண்டாவது சீசனின் நடுவில் அணி தடுமாறியது. ஜெயசிங்கை எவ்வளவு நினைத்தாலும் ஒரு செட்டுக்கு மேல் வரவில்லை. இசக்கிலெட்சுமி கடைக்கு வந்தார். மக்ரூனை அளந்தார். சாப்பிடவில்லை.

“உங்க சராசரியே இறங்கிட்டு அண்ணாச்சி. இப்ப துக்கம்தான் உங்களுக்குச் சாதாரணம். சாதாரணமா இருக்கது எதையும் ஜெயிக்காது.”

“அப்ப என்ன செய்ய?”

“மேல ஏத்தித்தான் இறக்கணும்.”

ஞானதிரவியத்துக்கு எப்சி என்று ஒரே மகள். நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கழகம் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது. ஏனோதானோவென்று பார்க்கவில்லை. குணம், படிப்பு, குடும்பம், சிரிக்கிற விதம் என்று எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து, மூன்று மாவட்டங்களில் தேடி, மார்த்தாண்டத்திலிருந்து டேவிட்சன் என்ற பையனைக் கொண்டுவந்தார்கள். அவனைவிடப் பொருத்தமானவன் எப்சிக்குக் கிடைத்திருக்க மாட்டான். அதைக் கணக்கே சொன்னது.

டேவிட்சன் அடிக்கடி வீட்டுக்கு வந்தான். சமையலறை வாசலில் நின்றபடி எப்சியிடம் ஏதாவது சொல்வான். அவள் சிரிக்கிற சத்தம் கூடத்துக்குக் கேட்கும். ஞானதிரவியத்துக்கு எல்லாம் தெரியும். கழகம் எதையும் அவரிடம் மறைக்கவில்லை. அரையிறுதிக்கு முந்தின நாள் வரைக்கும்தான் என்று மாசானம் முதலிலேயே சொல்லியிருந்தார். எப்சியிடமும் சொல்லியிருந்தார்கள். இருந்தும் அந்தச் சிரிப்பைக் கேட்கும்போது அவருக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடையில் மக்ரூன்கள் கோபுரம் மாதிரி எழுந்தன. ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து நிம்மதியாகத் தலையாட்டினார்கள். அதற்கென்றே ஒதுக்கிவைத்திருந்த மூன்று ஆட்டங்களில் அணி தோற்றது.

மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, பட்டும் எடுத்தாகிவிட்டது. அரையிறுதிக்கு முந்தின நாள் மாலை டேவிட்சன் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

“நாளைக்கு நாலு மணிக்கு ஆட்டம் மாமா. நான் கிளம்புதேன்.”

அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. அது எந்தக் கணக்கிலும் சேராத கண்ணீர். வாசலில் செருப்பு மாட்ட அவனுக்கு வெகுநேரம் ஆனது. எப்சி கதவருகே நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பட்டுச்சேலையை மடிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் ஞானதிரவியம் ஆட்டம் முடிந்து வீடு திரும்பியபோது அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஜெயிச்சாச்சாப்பா?”

“ஜெயிச்சாச்சு.”

“மூணு செட்லயா, அஞ்சு செட்லயா?”

“மூணு.”

எப்சி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். “அப்ப சரி” என்றாள். இறுதி ஆட்டத்துக்கு முன்பே குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு ஞானதிரவியத்தின் மனைவி சுகிர்தம், வெளுத்த சேலை கட்டிக்கொண்டு கழக அலுவலகத்துக்குப் போனார். இசக்கிலெட்சுமி எழுந்து நாற்காலி போட்டார்.

“எனக்கும் பாத்துச் சொல்லு தாயி.”

“எதை அம்மா?”

“என் துக்கத்துல எது ஓடுதுன்னு. அவரு அழுதா பந்து விழுது. நானும் அவரு கூடத்தானே இருந்தேன். எனக்கும் எங்கயாவது ஏதாவது விழுந்திருக்கும்லா.”

இசக்கிலெட்சுமி அதை நேர்மையாகச் செய்தார். கபடி, கேரம், சிலம்பம் எல்லாவற்றோடும் பொருத்திப் பார்த்தார். மழையோடு பார்த்தார். மின்வெட்டு, வெங்காய விலை, திருச்செந்தூர் பேருந்து தாமதமாக வருவது என்று ஒன்றையும் விடவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து, கொடுத்த தேநீரைத் தொடாமல் சொன்னார்.

“உங்க துக்கத்துக்கும் எதுக்கும் சம்பந்தமில்லம்மா.”

“எதுக்குமேவா?”

“பூஜ்ஜியம். இவ்வளவு சுத்தமான பூஜ்ஜியத்தை நான் பாத்ததில்ல.”

சுகிர்தம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஊர்க்கோழிகள் வாசலில் கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் எப்ப வேணும்னாலும் அழலாமா?”

“தாராளமா.”

சுகிர்தம் அங்கேயே அழத் தொடங்கினார். தேநீர் ஆறும்வரை அழுதார். போதும் என்று தோன்றியபோது நிறுத்தினார். அவர் அழுகைக்கு எங்கேயும் யாரும் கைதட்டவில்லை. உள்ளறை வாசலில் நின்ற ஞானதிரவியம், சொந்த வீட்டுக்காரரை வாடகைக்காரர் பார்ப்பதுபோல மனைவியைப் பார்த்தார்.

இறுதி ஆட்டம் முள்ளன்விளையோடு. முள்ளன்விளையும் சும்மா இருக்கவில்லை. அவர்களிடமும் ஒருவர் இருந்தார். பெயர் சங்கரபாகம். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்த மெலிந்த மனிதர். அவர் மனைவியை இரண்டு சீசனாகத் தாய் வீட்டிலேயே இருத்தி வைத்திருந்தார்கள். இறுதி ஆட்டம் என்பதால் அவர் நட்டு வளர்த்த வேப்பமரத்தையும் வெட்டியிருந்தார்கள்.

எந்த ஊருக்கும் சாதகமாக இருக்கக்கூடாதென்று நடுவர், அந்த இருவருடைய நாற்காலிகளையும் ஒரே குடையின் கீழ் அடுத்தடுத்துப் போடச் சொன்னார். ஜனங்கள் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி, நாற்காலிகளைப் பார்த்து உட்கார்ந்தார்கள். விசில் ஊதினார்கள். ஞானதிரவியம் டேவிட்சன் செருப்பு மாட்டியதை நினைத்தார். பக்கத்தில் சங்கரபாகம் தன் மரத்தை நினைத்தார். ஆட்டம் சமமாகவே போனது.

இடைவேளையில் சங்கரபாகம் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துவிட்டு, “உங்களுக்கு எது அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“மக கல்யாணம்.”

“நடந்துதா?”

“இல்ல.”

“மாப்பிள்ளை நல்ல பையனா இருந்திருப்பானே.”

“ரொம்ப நல்ல பையன்.”

“அப்படித்தான் பாத்துப் பிடிப்பாங்க” என்றார் சங்கரபாகம். “என் வேம்புல இந்த வருசம்தான் முதமுத பூ வந்தது. பூக்கட்டும்னு காத்திருந்து வெட்டுனாங்க.”

ஞானதிரவியம் திரும்பி அவரைப் பார்த்தார். இரண்டு சீசனாக யாரும் அவரோடு பக்கத்தில் உட்கார்ந்து இவ்வளவு பேசியிருக்கவில்லை. “வேப்பம்பூ ரசம் வைப்பீங்களா?” என்று கேட்டார். “வீட்ல இருந்தா வைப்பா” என்றார் சங்கரபாகம். அதில் என்ன இருந்ததோ, இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார்கள். அடக்க அடக்க அதிகமானது. ஞானதிரவியம் எப்சியை நினைத்தார், ஜெயசிங்கை நினைத்தார், புதிய செட்டரின் முகத்தில் வழிகிற வியர்வையைப் பார்த்தார். அவனுடைய வேலையும் இந்த ஆட்டத்தில்தான் இருந்தது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அவமானத்தின் அடியில் வெதுவெதுப்பாக ஒன்று ஊறிக்கொண்டே இருந்தது. அதை அவரால் நிறுத்த முடியவில்லை.

முள்ளன்விளை அடித்த பந்து வலையில் விழுந்தது. தேரிப்பட்டி அடித்த பந்து வெளியே போனது. நடுவர் இரண்டு பக்கமும் கையை நீட்டி, இருவருக்கும் எதிராகப் புள்ளி கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் இரண்டு அணிகளும் தோற்றன. கோப்பையைப் போட்டியில் கலந்துகொள்ளாத ஓர் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் காலையில் கடை வாசலில் யாரோ சாணி அடித்திருந்தார்கள். ஞானதிரவியம் கழுவிக்கொண்டிருக்கும்போது இசக்கிலெட்சுமி வந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

“இந்த மாதிரி ஒரு சந்தோஷம் கிடைக்கது அபூர்வம் அண்ணாச்சி. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு ஏறல. அடுத்த சீசன் வரைக்கும் பத்திரமா வச்சுக்கிடுங்க.”

ஞானதிரவியம் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றார். “சங்கரபாகத்துகிட்ட பேசாமலே இருந்துட்டா?”

“அது வீணாப் போயிரும்.”

ஆகவே இருவரும் பழகினார்கள். இரண்டு கழகங்களும் அதற்கு ஒத்துழைத்தன. வாரக் கடைசியில் ஒருவர் மாற்றி ஒருவர் பேருந்து ஏறிப் போனார்கள். சங்கரபாகத்துக்குத் தெரியாத கதை கிடையாது. லாரிகள் எந்தெந்த ஊரில் எப்படியெல்லாம் நின்றுபோயின என்று நாள்முழுக்கச் சொல்வார். ஞானதிரவியம் அவருக்கு முட்டை வெள்ளை அடிக்கக் கற்றுக்கொடுத்தார். சங்கரபாகத்துக்குக் கடைசிவரை அது கைவரவில்லை. பிரிவு வரப்போவது தெரிந்திருந்ததால், ஒட்டுதல் குறையட்டும் என்று நடுவில் சண்டை போட்டும் பார்த்தார்கள். ரசத்தில் பூண்டைத் தட்டிப் போடுவதா முழுசாகப் போடுவதா என்று ஒரு மத்தியானம் முழுக்கக் கத்தினார்கள். சண்டை நன்றாக இருந்தது. அதனால் நிலைமை இன்னும் மோசமானது.

அடுத்த இறுதி ஆட்டத்துக்கு அதே இரண்டு அணிகள் வந்தன. இருவரும் சந்தோஷமாக இருந்தால் இரு ஊரும் தோற்கும். இருவரும் துக்கப்பட்டால் ஆட்டம் முடியாது. ஆகவே கழகங்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. ஒருவர் மற்றவரை மறந்துவிட வேண்டும். மறந்தவருக்குத் துக்கம் கிடையாது. மறக்கப்பட்டவருக்கு உண்டு. யார் மறப்பது என்பதை டாஸ் போட்டுத் தீர்மானித்துக்கொள்ளலாம். டாஸில் வென்ற ஊரின் ஆள் நினைவு வைத்துக்கொள்வார்.

முடிவை மாசானம் வீட்டுக்கு வந்து சொன்னார். சுகிர்தம், “நல்ல முடிவுதான். யாருக்கும் அடிபடல” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தார்.

ஆட்டத்தன்று ஒரே குடையின் கீழ் இருவரும் முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஞானதிரவியம் ஒரு காகிதப் பையில் மக்ரூன் கொண்டுவந்திருந்தார். சங்கரபாகம் ஒன்றை எடுத்துக் கடித்தார். “நல்லா எழும்பியிருக்கு” என்றார்.

“நேத்துப் போட்டது.”

“உங்க ஊரு ஜெயிக்கட்டும் அண்ணாச்சி. உங்க பயலுவளுக்கு வேலை வேணும்.”

“உங்க பயலுவளுக்கும்தானே வேணும்.”

“எனக்கு மறக்கது கஷ்டமா இருக்காது. உங்களுக்குத்தான் எல்லாத் துக்கமும். அதான் யோசனையா இருக்கு.”

“பரவாயில்ல” என்றார் ஞானதிரவியம். “நான் பழகினவன்.”

நடுவர் இரண்டு அணித் தலைவர்களையும் அழைத்தார். தேரிப்பட்டி தலை கேட்டது. நாணயம் மேலே போய் வெயிலில் ஒருமுறை மின்னிவிட்டு மணலில் விழுந்தது. நடுவர் குனிந்து பார்த்துவிட்டு, கையைத் தேரிப்பட்டி பக்கம் உயர்த்தினார். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள்.

சங்கரபாகம் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். கையில் மீதியிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் திரும்பி, மரியாதையான குரலில் கேட்டார்.

“ஐயாவுக்கு எந்த ஊரு?”

“தேரிப்பட்டி.”

“இந்த வருசம் உங்க அணிதான் ஜெயிக்கும்னு சொல்லுதாங்க” என்றார் சங்கரபாகம். ஞானதிரவியத்தின் தோளில் வெயில் விழுவதைக் கவனித்து, குடைநிழலில் அவருக்கும் இடம் இருக்கட்டும் என்று தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். கீழே விசில் ஒலித்தது. முதல் பந்து முள்ளன்விளை பக்கம் விழுந்தது.